மூச்சு விட ஓர் ஊர்!

தம்பி, தங்கைகளே! அப்பாவுக்கோ, அம்மாவுக்கோ வேலை மாற்றலாகி, நீங்களும் ஊர் மாறியிருக்கிறீர்களா? பழைய பள்ளிக்கூடம், கூட விளையாடிய நண்பர்கள், தெருமுனை மிட்டாய்க் கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒருமுறை மாறினாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும், இல்லையா?

வாழ்நாள் முழுவதும் இப்படி ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார் ஒருவர். அவரைத் துரத்தியது வேலை அல்ல, நோய்! எந்த ஊரில் இருந்தால் இருமல் நிற்கும், எந்த ஊர்க் காற்றில் நன்றாக மூச்சு விட முடியும் என்று தேடித் தேடி, பூமி உருண்டையின் மறுபக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

அவரை உங்களுக்குத் தெரியும். ஒற்றைக்கால் கடற்கொள்ளைக்காரன், அவன் தோளில் கத்தும் கிளி, பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் வரைபடம்... 'புதையல் தீவு' கதை ஞாபகம் வருகிறதா? அதை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன்தான் அவர்.

ஸ்காட்லாந்தின் தலைநகரம் எடின்பரோ. அங்கே 1850ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி ஸ்டீவன்சன் பிறந்தார். அவர்களுடையது கலங்கரை விளக்கக் குடும்பம்! தாத்தா, பெரியப்பாக்கள், அப்பா எல்லாருமே கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்கள். கடல் அலை மூடி மூடித் திறக்கும் ஒரு பாறையின் மேல் தாத்தா கட்டிய 'பெல் ராக்' கலங்கரை விளக்கம், 200 ஆண்டுகளைத் தாண்டியும் அசையாமல் நிற்கிறது.

எடின்பரோ அழகான ஊர்தான். ஆனால் குளிர், மழை, ஊசியாய்க் குத்தும் கடல் காற்று, மூடுபனி! போதாக்குறைக்கு, வீட்டுக்கு வீடு எரியும் நிலக்கரியின் புகை வேறு. புகை படிந்த ஊர் என்ற பொருளில் அந்த நகரத்துக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுவன் ஸ்டீவன்சனின் நெஞ்சுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. குளிர்காலம் வந்தாலே காய்ச்சல், இருமல். மற்ற பிள்ளைகள் பனியில் விளையாடும்போது அவன் படுக்கையில் கிடப்பான். போர்வையை மலையாகவும் பள்ளத்தாக்காகவும் மடித்து வைத்து, அதன்மேல் பொம்மைச் சிப்பாய்களை அணிவகுக்க விடுவான். மாலையில் ஜன்னல் வழியாக, தெருவிளக்கு ஏற்றும் ஆள் ஏணியோடு வருவதற்காகக் காத்திருப்பான்.

அவனைக் கவனித்துக்கொண்ட செவிலித்தாயின் பெயர் அலிசன் கன்னிங்காம். வீட்டில் கூப்பிடும் பெயர் கம்மி. பெயர்தான் கம்மி; பாசம் கம்மி இல்லை! தூக்கம் வராத ராத்திரிகளில் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலருகே நிற்பார். எதிர்வரிசையில் எந்த வீட்டிலாவது விளக்கு தெரிந்தால், அங்கேயும் ஒரு நோயாளிப் பிள்ளை விடியலுக்காகக் காத்திருக்கிறது போலும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள்.

பையன் வளர்ந்தான், இருமலும் கூடவே வளர்ந்தது. 1867ல் பொறியியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குடும்பத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. எழுத்தாளர் ஆக வேண்டும் என்றதும் அப்பாவுக்குப் பெரிய ஏமாற்றம். எழுத்தை நம்பிச் சாப்பிட முடியுமா? ஒரு பாதுகாப்புக்காகச் சட்டம் படிக்கச் சொன்னார். படித்து, 1875ல் வழக்கறிஞராகப் பதிவும் செய்துகொண்டார் ஸ்டீவன்சன். ஆனால் வக்கீல் தொழில் நடத்தவே இல்லை எனலாம்.

அதற்கு முன்பே, 1873ல், உடல் மிகவும் நலிந்துபோய், தெற்கே வெயில் உள்ள ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் மருத்துவர்கள். பிரான்ஸ் நாட்டின் தென்கோடியில், கடலோரம் உள்ள மான்டோன் என்ற ஊருக்குப் போனார். ஊர் தேடும் படலம் அங்கேதான் தொடங்கியது.

மருந்து கொடுக்காமல் ஊர் மாறச் சொல்வார்களா என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் நுரையீரல் நோய்க்கு மருந்தே கிடையாது! காசநோய் ஒரு கிருமியால் வருகிறது என்பதையே 1882ல்தான் ஜெர்மனி நாட்டு ராபர்ட் காக் கண்டுபிடித்துச் சொன்னார். அதைக் கொல்லும் மருந்து 1940களில்தான் வந்தது. இன்று காசநோய்க்கு மாத்திரை இருக்கிறது. விடாமல் சாப்பிட்டால் குணமாகும். அன்றைக்கு இருந்தது காற்று ஒன்றுதான். அதிலும் மருத்துவர்களுக்குள் இரண்டு கட்சி! வெதுவெதுப்பான கடலோரக் காற்றுதான் நல்லது என்றது ஒன்று. உயர்ந்த மலையின் உலர்ந்த குளிர்காற்றுதான் நல்லது என்றது இன்னொன்று. பாவம், ஸ்டீவன்சன் இரண்டையும் பரீட்சை செய்து பார்த்தார்.

ஆனால், அடுத்து அவர் செய்த பயணம் எந்த மருத்துவரும் சொல்லாதது. 1876ல் பிரான்சில் ஃபேனி என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்தார். அவர் ஸ்டீவன்சனைவிடப் பத்து வயது மூத்தவர்; குழந்தைகள் உள்ளவர். அவரையே திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்து, 1879ல் வீட்டில்கூடச் சொல்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கையில் பணம் குறைவு. கப்பலுக்குப் பிறகு, அந்தப் பெரிய நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ரயில். கலிபோர்னியா போய்ச் சேர்ந்தபோது ஆளே பாதியாகிவிட்டார். அங்கே மலைப்பகுதியில் மயங்கிக் கிடந்தவரை ஆட்டுப் பண்ணை வைத்திருந்த இரண்டு பேர் தூக்கிப் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சில மாதங்களில் இருமும்போது ரத்தம் வந்தது. பிழைப்பாரா என்பதே சந்தேகம். எப்படியோ பிழைத்து, 1880 மே மாதம் ஃபேனியைத் திருமணம் செய்துகொண்டார். ஃபேனியின் மகன் லாயிடுக்கு அப்போது 12 வயது. இந்த லாயிடை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய காரியம் செய்யப் போகிறான்!

ஊர் திரும்பியதும் மருத்துவர்கள் சொன்ன இடம் சுவிட்சர்லாந்தின் டாவோஸ். ஆல்ப்ஸ் மலையில் 1,500 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர். எங்கு திரும்பினாலும் வெள்ளைப் பனி. எங்கு பார்த்தாலும் நோயாளிகள். இரண்டு குளிர்காலங்களை ஸ்டீவன்சன் அங்கே கழித்தார். நெஞ்சுக்கு நல்லது, மனசுக்கு அலுப்பு! லாயிடு மட்டும் கூட இல்லையென்றால் ரொம்பவே வாடியிருப்பார். லாயிடிடம் ஒரு குட்டி அச்சு இயந்திரம் இருந்தது. அதில் இருவரும் சேர்ந்து சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சடித்தார்கள். தரையில் படுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பொம்மைச் சிப்பாய்களை வைத்து நாள்கணக்கில் யுத்தம் நடத்தினார்கள்.

இரண்டு குளிர்காலங்களுக்கு நடுவே, 1881 கோடையில், குடும்பம் ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற இடத்தில் தங்கியது. கோடை என்று பெயர். மழை விடவே இல்லை. வெளியே போக முடியாமல் லாயிடு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். ஸ்டீவன்சனும் கூட உட்கார்ந்தார். அப்படி வரைந்ததில் பிறந்தது ஒரு தீவின் வரைபடம்! மலை, விரிகுடா, புதையல் இருக்குமிடம்... படத்தைப் பார்க்கப் பார்க்க அதிலிருந்து கதாபாத்திரங்கள் எழுந்து வந்தார்கள். தினம் ஓர் அத்தியாயம் எழுதி, எல்லாருக்கும் படித்துக் காட்டினார். 15 நாளில் 15 அத்தியாயம்!

அந்தக் கதையில் மயங்கிய இன்னொரு பையன் யார் தெரியுமா? ஸ்டீவன்சனின் அப்பா! கொள்ளைக்காரனின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவரே உட்கார்ந்து பட்டியல் எழுதிக் கொடுத்தார். மகன் எழுத்தாளர் ஆவதை விரும்பாத அதே அப்பாதான். 16வது அத்தியாயத்தில் கதை சண்டித்தனம் செய்து நின்றுவிட்டது. மீதியை டாவோஸ் பனியில் உட்கார்ந்து முடித்தார். 1883ல் புத்தகமாக வந்த 'புதையல் தீவு' அவரை ஊரறிந்தவர் ஆக்கியது.

மலை போதும், இனி கடலோரம் என்று 1883ல் தென்பிரான்சின் இயேர் என்ற ஊரில் குடியேறினார்கள். சின்ன வீடு, தோட்டம். அங்கே மிக மகிழ்ச்சியாக இருந்தார். ஆனால் நோய் விடவில்லை. இருமலில் ரத்தம் கொட்டியது. பேசக் கூடாது; காகிதத்தில் எழுதித்தான் காட்ட வேண்டும். கண்ணும் நோவு கண்டதால் இருட்டு அறை. வலக்கையை அசைக்காமல் கட்டியும் போட்டார்கள். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அவர் இடக்கையால், இருட்டில், குழந்தைப் பாடல்கள் எழுதினார்! படுக்கைப் போர்வையில் நடந்த பொம்மைச் சிப்பாய்களும், தெருவிளக்கு ஏற்றுபவரும் பாட்டுகளாக வந்தார்கள். 1885ல் வெளியான அந்தப் பாடல் புத்தகத்தை யாருக்குக் காணிக்கையாக்கினார் என்று ஊகித்திருப்பீர்கள். கம்மிக்குத்தான்.

பிறகு தென்பிரான்சில் காலரா பரவியது. மறுபடி மூட்டை கட்டினார்கள். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மத் என்ற ஊரில் ஸ்டீவன்சனின் அப்பா ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார். அதற்கு, பெரியப்பா ஆலன் கட்டிய 'ஸ்கெரிவோர்' கலங்கரை விளக்கத்தின் பெயரை வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் அந்த வீட்டை விட்டு அதிகம் வெளியே வராமல் படுக்கையிலேயே கிடந்தார். அப்படிக் கிடந்தபடி எழுதியவைதான் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைடு', 'கிட்நாப்டு' என்ற இரண்டு புகழ்பெற்ற நாவல்களும்.

1887 மே மாதம் அப்பா இறந்தார். எடின்பரோ போயும், உடல்நிலை காரணமாக இறுதி ஊர்வலத்தில் மகனால் கலந்துகொள்ள முடியவில்லை. இனி இந்தக் காற்றில் இருப்பது ஆபத்து என்றார்கள் மருத்துவர்கள். ஆகஸ்டில், விதவையான அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடும்பம் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. ஏறிய கப்பலில் பார்த்தால், குதிரைகளும் குரங்குகளும்! சரக்காக ஏற்றியிருந்தார்கள். எல்லாரும் முகம் சுளிக்க, ஸ்டீவன்சனுக்கு ஒரே குஷி. அதுதான் அவர் பிரிட்டனை விட்டுக் கிளம்பிய கடைசி முறை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் சரனாக் ஏரிக்கரையில் ஒரு குளிர்காலம். அங்கே எட்வர்ட் ட்ரூடோ என்ற மருத்துவர் இருந்தார். அவரும் காசநோயாளி! காட்டுக் காற்றில் தான் தேறியதைக் கண்டு, மற்றவர்களுக்காக அங்கே மருத்துவமனை தொடங்கியவர். உலர்ந்த குளிரில் ஸ்டீவன்சன் கொஞ்சம் தேறினார். ஆனால் என்ன குளிர்! ஃபாரன்ஹீட் அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. எருமைத்தோல் கோட்டுக்குள் சுருண்டபடி, கதகதப்பான தென்கடலைப் பற்றிக் கனவு கண்டார்.

கனவோடு நிற்கவில்லை. அப்பா விட்டுச்சென்ற பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு, 'காஸ்கோ' என்ற பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்தார்! 1888 ஜூன் 28ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் கடலில் புறப்பட்டார்கள். கப்பலில் அவருடைய அம்மாவும் உண்டு, வயது 59! கடலில் ஓர் அதிசயம் நடந்தது. கப்பல் ஆட ஆட ஃபேனிக்குத் தலைசுற்றல், வாந்தி. நோயாளியான ஸ்டீவன்சனோ வெறுங்காலோடு தளத்தில் நடந்துகொண்டு, வெயிலில் கறுத்து, தெம்பாகிவிட்டார். மார்க்கெசாஸ் தீவுகள், தாஹிட்டி என்று சுற்றினார்கள். தாஹிட்டியில் மறுபடி நோய் கண்டபோது, மோய் என்ற இளவரசி, தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன் கொடுத்துத் தேற்றினார்.

1889 தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளின் தலைநகரம் ஹோனலூலு. அங்கே 13 வயது இளவரசி கைஉலானியோடு ஓர் ஆலமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவார். ஆமாம், நம் ஊர் ஆலமரமேதான்! அங்கிருந்து மறுபடி கடல். டிசம்பரில் சமோவாத் தீவுகளின் ஆப்பியா துறைமுகம். துறைமுகத்தில் உடைந்த போர்க்கப்பல்கள் கிடந்தன. சமோவா யாருக்கு என்று ஜெர்மனியும் அமெரிக்காவும் பிரிட்டனும் முறைத்துக்கொண்டு நின்றபோது, அந்த ஆண்டு மார்ச் மாதம் அடித்த புயல் ஜெர்மன், அமெரிக்கக் கப்பல்களைத் தூக்கி எறிந்திருந்தது.

இங்கே ஒரு கேள்வி. இத்தனை தீவுகளைப் பார்த்தவர், குடியிருக்க எதைத் தேர்ந்தெடுப்பார்? மற்ற தீவுகள் சில சமோவாவைவிட அழகு என்று அவருக்கே தோன்றியது. ஹோனலூலு வசதியான நகரம். ஆனால் அது உடம்புக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. சமோவாவில் வெதுவெதுப்பு உண்டு, நிலம் மலிவு. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றும் இருந்தது: தபால்! சான் பிரான்சிஸ்கோவுக்கும் சிட்னிக்கும் இடையே ஓடும் தபால் கப்பல்கள் அந்த வழியாகப் போயின. கதையை எழுதினால் போதுமா? லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்ச் சேர்ந்தால்தானே சம்பளம்? ஒரு பெரிய குடும்பமே அவர் பேனாவை நம்பி இருந்தது. காற்றும் தபாலும் சேர்ந்து கிடைத்த இடம் சமோவா. 300 ஏக்கருக்கு மேல் காட்டு நிலம் வாங்கினார். ஊர் பெயர் வைலிமா.

அப்போதுகூட, ஒரே ஒரு முறை ஸ்காட்லாந்து போய் வரலாம் என்ற ஆசை இருந்தது. 1890ல் அதற்காகச் சிட்னி வரை போனார். போனதும் படுக்கை, மறுபடி ரத்தம். அங்கேயோ கப்பல் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். ஃபேனி அலைந்து திரிந்து 'ஜேனட் நிக்கல்' என்ற கப்பலைப் பிடித்து அவரைக் கடலுக்குக் கொண்டுபோனார். வெப்பக் கடலுக்குள் போனதும் உடம்பு தேறியது. ஆகஸ்டில் சிட்னி திரும்பினார். திரும்பியதும் மீண்டும் படுக்கை! விடை தெரிந்துவிட்டது. வெப்ப நாட்டை விட்டுக் கிளம்பினால் உயிர் தங்காது. இனி எடின்பரோவை நினைக்கலாம், பார்க்க முடியாது. அப்போது அவருக்கு வயது 39.

அக்டோபரில் சமோவா திரும்பி, கத்தியை எடுத்துக்கொண்டு தானே காட்டை வெட்டினார்! மூன்று ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர், 'ஜாக்' என்ற குதிரையில் ஏறி ஆப்பியாவுக்கும் வைலிமாவுக்கும் போய் வந்தார். பெரிய மரவீடு எழும்பியது. அதில் ஒரு வேடிக்கை. வியர்த்துக் கொட்டும் அந்த ஊரில், வீட்டுக்குள் கணப்படுப்பு கட்டினார்! எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? ஸ்காட்லாந்து வீட்டில் கணப்படுப்பு இருக்குமே!

நோய் அடியோடு போய்விடவில்லை. அங்கும் காய்ச்சல் வந்தது, ரத்தம் வந்தது. 1893ல் பேசக் கூடாது என்று தடை வந்தபோது, காது கேளாதோர் பயன்படுத்தும் விரல் எழுத்துகளால் கதை சொன்னார். ஃபேனியின் மகள் இசபெல் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். சமோவா மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'டுசிடாலா'. கதை சொல்பவர் என்று பொருள். புட்டிக்குள் பூதம் இருக்கும் அவருடைய கதை ஒன்று சமோவா மொழியில் வந்தது. அவ்வளவுதான், அந்தப் புட்டி வைலிமா வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருப்பதாகவே பலர் நம்பினார்கள்!

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆனி என்ற சிறுமி கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவள். அவளுடைய அப்பா சமோவாவில் பணியாற்றிய அமெரிக்க அதிகாரி. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் பிறந்தநாள் காணாமல் போகிறதே என்று அவளுக்கு வருத்தம். வக்கீலுக்குப் படித்தது அப்போதுதான் உதவியது! நவம்பர் 13ஆம் தேதியான தன் பிறந்தநாளை அவளுக்குத் தானமாகக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்துகளோடு 1891ல் பத்திரமே எழுதிவிட்டார் ஸ்டீவன்சன்.

வேடிக்கை மட்டும் அல்ல. மூன்று வல்லரசுகளின் அதிகாரிகள் சமோவா மக்களைப் படுத்திய பாட்டை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. லண்டன் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். 1892ல் ஒரு புத்தகமே எழுதினார். அதிகாரிகளுக்குக் கோபம். அவரைப் போன்றவர்களின் வாயை மூட ஓர் உத்தரவு போட்டார்கள். நாடு கடத்தப்படலாம் என்ற நிலை! யோசித்துப் பாருங்கள். உலகத்தில் அவரால் மூச்சு விட முடிந்த ஒரே ஊர் அது. அதையும் இழந்தால் எங்கே போவார்? ஆனாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. நல்லவேளையாக நாடு கடத்தல் நடக்கவில்லை.

1893ல் நடந்த போரில் தோற்ற மடாஃபா என்ற தலைவரின் ஆட்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஸ்டீவன்சன் உணவும் புகையிலையும் எடுத்துக்கொண்டு சிறைக்கே போய்ப் பார்த்தார். விடுதலையானதும் அந்தத் தலைவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1894ல் வைலிமா வீட்டுக்குத் தங்கள் கையாலேயே சாலை போட்டுக் கொடுத்தார்கள்! கூலி வாங்கவில்லை.

அந்தச் சாலை முடிந்து சில வாரங்கள்தான். 1894 டிசம்பர் 3ஆம் தேதி காலையில், ஸ்காட்லாந்தில் நடக்கும் ஒரு நாவலை மும்முரமாக எழுதினார். மாலையில் ஃபேனிக்குச் சமையலில் உதவிக்கொண்டிருந்தபோது திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டார். மூளையில் ரத்தக் கசிவு. அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 44. ஆயுள் முழுவதும் பயமுறுத்திய நெஞ்சு நோய் அவரைக் கொல்லவில்லை. அது காசநோய்தானா, வேறு நோயா என்று மருத்துவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள வாயேயா மலையின் உச்சியில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மலையில் பாதை கிடையாது, அடர்ந்த காடு. சமோவா மக்கள் கத்தியும் கோடரியுமாகத் திரண்டு, செங்குத்தான சரிவில் வழி வெட்டினார்கள். மறுநாளே தோள் மாற்றித் தோள் மாற்றி அவரைச் சுமந்துபோனார்கள். அந்த உச்சியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். 1914ல் ஃபேனி இறந்த பிறகு அவருடைய அஸ்தியையும் கொண்டுவந்து அங்கேயே வைத்தார்கள்.

வைலிமா வீடு இன்று அருங்காட்சியகம். போனால் அந்தக் கணப்படுப்பைப் பார்க்கலாம். மலையில் பறவைகள் பயமில்லாமல் பாட வேண்டும் என்று, அங்கே யாரும் துப்பாக்கி சுடக்கூடாது எனச் சமோவாத் தலைவர்கள் அப்போதே தடை போட்டுவிட்டார்களாம்.